மதிலடி ஆமை

எனக்கு எட்டு வயதான அந்த வருடம் மிளகாய்க்கு நல்ல விலை. வெளிநாட்டு மிளகாய் வராமல் நின்றுபோனதால், தென்மராட்சியில் எங்கள் ஊரார் எல்லோரும் பற்றைக்காட்டை வெட்டித் தோட்டமாக்கினார்கள். ஒரே துண்டாகக் கிடந்த காட்டுக்குள் முதலில் ஒரு தோட்டம் வந்தது. பிறகு அதற்குப் போக ஒரு பாதை, பிறகு இன்னொரு தோட்டம். கடைசியில் எங்கள் வீட்டு வளவுக்கு மேற்கே கொஞ்சப் பற்றையும் கிழக்கே குளத்தடி மணலும்தான் மிஞ்சின. நடுவில் நாங்கள் இருந்தோம்.

அதுவரை எங்கள் எல்லையில் கிளுவை வேலிதான். முயலும் கீரியும் அதன் அடியால் நுழைந்து, வளவைக் குறுக்கே கடந்து, மறுபக்க வேலியால் போய்விடும். எங்கள் தகப்பனாருக்கு, ஐயாவுக்கு, அது பிடிக்கவில்லை. மிளகாய் விற்ற கையோடு வேலியைப் பிடுங்கிவிட்டுச் சீமெந்துக் கல்லில் சுற்றிவர மதில் கட்டுவித்தார். கட்டி முடிந்த அன்று அதைத் தட்டிப் பார்த்துச் சொன்னார்:

"இனி ஒரு சீவனும் உள்ளுக்கை வராது."

ஊரில் முதல் மதில் எங்களுடையது. பள்ளிக்கூடத்தில் நான் அதைச் சொல்லிப் பீற்றாத ஆளில்லை.

பங்குனி வெயில் தொடங்கியபோது மேற்கு மதிலின் வெளிப்பக்கம் ஒரு தரையாமை வந்து நின்றது. முதுகில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக இருந்தன. மதிலில் முட்டும். பிறகு ஓரமாகவே மூலைவரை நடக்கும். அங்கே கொஞ்சம் நின்றுவிட்டு மற்ற மூலைக்குத் திரும்பி நடக்கும். கல்லில் அதன் நகம் உரசும் சத்தத்தில் எனக்குப் பல் கூசியது.

பாவம், வழி தவறி வந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய்ப் பற்றைக்குள் விட்டேன். நல்ல பாரம். அடுத்தநாள் பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தால் மறுபடி மதிலடியில் நின்றது. மறுபடி தூக்கினேன். அந்தக் கிழமை முழுக்க இதுதான் என் வேலை. சட்டையெல்லாம் மண் என்று அம்மா ஏசினா. பிள்ளைக்கு இரக்கமான மனசு என்று ஐயா எனக்காகக் கதைத்தார்.

சனிக்கிழமை ஒரு கலியாணவீட்டுக்குப் போய் இருட்டித்தான் திரும்பினோம். ஞாயிறு காலை, மதிலுக்குப் பூச்சுப் பூச வந்த மேசன் வெளியில் நின்று ஐயாவைக் கூப்பிட்டார். நானும் ஓடினேன். ஏறப் பார்த்து மல்லாக்க விழுந்த ஆமை, திரும்ப முடியாமல் நாள் முழுக்க வெயிலில் கிடந்து செத்திருந்தது. காகங்கள் பின்னங்காலடியைக் கொத்திக் கிழித்திருந்தன. உள்ளே நாலு வெள்ளை முட்டைகள் தெரிந்தன.

"முட்டையிட மணலுக்குப் போற பாதை இதுதான் போலை. அடியிலை ஒரு கல்லளவு ஓட்டை விட்டுக் கட்டியிருக்கலாம்" என்றார் மேசன்.

"ஓட்டை விட்டால் பாம்பும் வருமே" என்றார் ஐயா.

மேசன் மண்வெட்டியால் ஒரு கிடங்கு வெட்டி ஆமையைப் புதைத்துவிட்டுச் சாந்தைக் குழைத்தார். பின்னேரத்துக்குள் மதிலடியில் இருந்த நகக்கீறல்களும் பூச்சுக்குள் மறைந்துபோயின.

நான் சாப்பிடாமல் கிடந்து அழுதேன். பற்றைக்குள் இன்னும் தூரமாகக் கொண்டுபோய் விட்டிருந்தால் அது திரும்பி வந்திராது, செத்தும் இராது என்பதுதான் என் கவலை. அத்தனை நாளும் அதைக் கையில் வைத்திருந்தேன். நாலு எட்டு நடந்து கிழக்கு மதிலுக்கு அப்பால் மணலில் விட்டிருக்கலாம் என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவேயில்லை.