மரத்தூள் மூடிய ரோஜாக்கள்

தொண்ணூற்றெட்டில் பிரேசர் டவுனில் குடியிருந்தேன். பக்கத்து வீட்டு அந்தோணி அங்கிள் இதய ஆபரேஷனுக்காக வேலூர் போனபோது, தன்னுடைய ஆறு ரோஜாத் தொட்டிகளை என் பொறுப்பில் விட்டுப் போனார்.

ஆபீஸ் வேலையில் தினமும் தண்ணீர் ஊற்ற எனக்கு நேரமில்லை. ஈரம் காயாமலிருக்க மூடாக்குப் போடலாம் என்று, தச்சுப் பட்டறையிலிருந்து பச்சை மரத்தூள் வாங்கி வந்து, தண்டை ஒட்டி ஒரு சாண் உயரம் குவித்து நனைத்துவைத்தேன். மூன்றாவது வாரம் துளிர்கள் வாடின. கிளறிப் பார்த்தால் அடித்தண்டு அழுகிக் கையோடு வந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆன்ட்டி போன் செய்தார். "செடிங்க எப்படிம்மா இருக்கு? இவர் அதையேதான் கேக்குறார்."

"நல்லா இருக்கு ஆன்ட்டி. சிவப்புல ரெண்டு பூத்திருக்கு."

அதன்பின்னும் ஆன்ட்டி அடிக்கடி போன் செய்தார். ஒவ்வொரு தடவையும் இன்னொரு பூவைச் சேர்த்துச் சொன்னேன். நர்சரி நர்சரியாக அலைந்தும் அதே சிவப்பு கிடைக்கவில்லை.

ஊர் திரும்பிய அங்கிள், நெஞ்சில் கைவைத்தபடி நேராகத் தொட்டிகளிடம் போனார்.

"மரத்தூளை நான்தான் குவிச்சேன் அங்கிள். எல்லாம் அழுகிடுச்சு. போன்ல சொன்னதெல்லாம் பொய்," என்று அழுதேன்.

"தெரியும்மா. கிளையையெல்லாம் வெட்டிக் கவாத்து பண்ணிட்டுத்தானே போனேன்? மூணு வாரத்துல எப்படிப் பூக்கும்?" என்றார். "ஆனா அங்க படுத்துக்கிட்டு கேக்க நல்லா இருந்துச்சு."

இப்போதெல்லாம் காய்ந்த சருகைத்தான், தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுகிறேன். அவர் அன்று திட்டியிருந்தால் என்றைக்கோ மறந்திருப்பேன்.