எஸ்கலேட் ஆவுது

எங்கள் வீட்டில் நோயைப் பற்றித் தமிழில் பேசக் கூடாது. எழுதி ஒட்டிய சட்டமெல்லாம் இல்லை. ஆனால் "மோசமாயிருச்சு", "முத்திப்போச்சு" என்று யாராவது வாயெடுத்தால் போதும், அக்காவுக்கு முகம் சுருங்கிவிடும். "ஏன்டி, நல்ல வார்த்தையே வராதா உன் வாயில? சொன்னா பலிச்சிரும் லா" என்பாள். சொல்லிவிட்டு சாமிப் படத்தை ஒரு பார்வை வேறு பார்ப்பாள்.

அந்த வீட்டுக்கு 'எஸ்கலேட்' என்ற வார்த்தையைக் கொண்டுவந்து சேர்த்த புண்ணியவதி நான்தான். பினாங்கிலிருந்து ஃபெரியில் கடலைத் தாண்டிப் போனால் வரும் மாக் மண்டினில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் எனக்கு லைன் லீடர் வேலை. அங்கே எதுவும் மோசமாகாது, எஸ்கலேட்தான் ஆகும். மெஷினில் சூடு ஏறினால் எஸ்கலேட் ஆவுது. கழித்துப்போட்ட சாமான் பெட்டி நிரம்பி வழிந்தாலும் எஸ்கலேட் ஆவுது. கேன்டீனில் இரண்டு பேர் முறைத்துக்கொண்டாலும் அதேதான். வெள்ளைப் பலகையில் அந்த வார்த்தையை எழுதிவிட்டு எல்லாரும் டீ குடிக்கப் போய்விடுவோம். அதைக் கேட்டுப் பதறி ஓடிய ஒரு ஆளை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

அக்காவுக்கு அது அப்படியே பிடித்துப்போனது. கெட்டதைச் சொன்ன மாதிரியும் ஆச்சு, சொன்ன பாவமும் ஒட்டாது. பாசாரில் மீன் விலை எஸ்கலேட் ஆனது. மழை பெய்தால் வாசலில் சாக்கடைத் தண்ணீர் எஸ்கலேட் ஆனது. அவள் முட்டி வலியைக் கேட்கவே வேண்டாம். நுரையீரலில் நீர் கோத்து, "வீட்டிலேயே வெச்சுப் பாத்துக்குங்க" என்று டாக்டர் அனுப்பிவிட்ட அப்பாகூட, டீயில் சீனி குறைந்தால் கட்டிலில் சாய்ந்தபடி, "பாப்பா, எனக்குக் கோவம் எஸ்கலேட் ஆவுது" என்பார். சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும்.

அவர் போகும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும். எனக்கு அந்த ஒரே ஆசைதான் இருந்தது. அக்காவிடம் எத்தனையோ தடவை சொல்லியிருந்தேன்: "எந்த நேரமா இருந்தாலும் கூப்பிடுக்கா. மெஷின் பத்தி எரிஞ்சாலும் போட்டுட்டு வந்துருவேன்."

அன்றைக்கு மத்தியானம் மூன்று மணி வாக்கில் போன் அதிர்ந்தது. அக்காவின் வாய்ஸ் மெசேஜ். "அப்பாவுக்கு மூச்சு கொஞ்சம் எஸ்கலேட் ஆவுது லா. வேலை முடிஞ்சதும் வந்துரு." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதற்கு மேலே, ஏதோ அனுப்பி அழித்த அடையாளம் ஒன்று. அக்கா கைதவறி எதையாவது அமுக்குவாள், பிறகு அழிப்பாள். புதுசா என்ன! "சரிக்கா" என்று பதில் போட்டேன். அந்த வார்த்தைக்குத் தொழிற்சாலையில் என்ன மரியாதையோ அதையே நானும் கொடுத்தேன். பலகையில் எழுத வேண்டியதை எழுதினேன், டீ குடித்தேன், நாலரைக்குக் கிளம்பினேன்.

ஃபெரியில் கூட்டமில்லை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. காய்ச்சி ஆறவைத்த பால் மாதிரி கடல் ஆடை படிந்து கிடந்தது. அக்கரையில் பினாங்கு மலை பாதி மேகத்துக்குள் கரைந்துபோய், மீதி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சின்ன வயசில் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா எங்கள் இருவரையும் இதே கடலில் சும்மா கூட்டிவருவார். அக்கரைக்குப் போவோம், அடுத்த ஃபெரியில் திரும்பி வருவோம், அவ்வளவுதான். நான் கம்பியில் எக்கி எட்டிப் பார்ப்பேன். அவர் என் கவுனைப் பின்பக்கம் கொத்தாகப் பிடித்திருப்பார். அன்றைக்கும் முதுகில் அந்தப் பிடி இருப்பது போல இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்தேன், பைத்தியக்காரி. எஞ்சின் சத்தம் தூரத்தில் எங்கோ கேட்டது. எவ்வளவு சுகம்! இந்த ஃபெரி இப்படியே போய்க்கொண்டே இருந்தால் என்ன என்று நினைத்தேன். மணி பார்க்கவில்லை.

இறங்கி, வழியில் அப்பாவுக்குப் பிடித்த ஆப்பம் வாங்கினேன். தட்டில் இருந்தது ஆறிப்போயிருந்தது. "சூடா ஊத்திக் குடுங்கண்ணே" என்று கேட்டு, நின்று வாங்கினேன்.

டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டு வாசலில் எப்போதும் மூன்று ஜோடிச் செருப்புதான் கிடக்கும். அன்றைக்குக் கால் வைக்க இடமில்லை.

அப்பாவின் தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். நான் அழவில்லை, அக்காவைப் பார்த்துக் கத்தினேன். "மெஷின் எரிஞ்சாலும் வருவேன்னு சொன்னேனே! ஒரு வார்த்தை ஒழுங்கா சொல்ல உனக்கு என்ன கேடு?" கையில் ஆப்பப் பொட்டலம் சுட்டுக்கொண்டிருந்தது. அத்தனை பேர் முன்னால் அவளை அப்படிக் கேட்டதற்கு இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போனபிறகு, பாத்திரம் துலக்கிக்கொண்டே அவளாகச் சொன்னாள்.

"மொதல்ல ஒழுங்காத்தான்டி பேசினேன். 'அப்பா போறாருடி, உன்னத்தான் கேக்குறாரு, ஓடி வா'ன்னு. அனுப்பிட்டுத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ஐயோ, என் வாயாலயே சொல்லிட்டேனேன்னு ஒடனே அழிச்சுட்டேன். அழிச்சுட்டா நடக்காதுன்னு நெனச்சேன்."

நான் அவள் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக் கழுவினேன். அவளுக்கு அந்த இன்னொரு வார்த்தையைக் கொடுத்தவள் நான்தானே, வேறு யாரை ஏச?

போனில் அந்த அழித்த மெசேஜ் இன்னும் இருக்கிறது. வேலை விட்டு வரும்போது ஃபெரியில் சில நாள் மேலே தள்ளித் தள்ளிப் போய் அதைப் பார்ப்பேன். குரல் இல்லை, நேரம் மட்டும் இருக்கிறது. மூன்று மணி இரண்டு நிமிடம். உடனே ஓடியிருந்தால் நாலேகாலுக்கெல்லாம் வீட்டில் இருந்திருப்பேன். ஐந்தே கால் வரைக்கும் அப்பா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.