இரண்டாவது மாஸ்க்

சாஃப்ட்பாலை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அந்த விளையாட்டின் மேல் இருந்த ஆசை அல்ல. கபடியிலும் கோ-கோவிலும், எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிற எங்கள் மாதிரி சின்னப் பள்ளி முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிடும். பேஸ்பாலைப் போன்ற இந்த ஆட்டத்துக்கு அணி வைத்திருக்கும் பள்ளிகள் எங்கள் பக்கம் குறைவு. நாலு ஆட்டம் ஒழுங்காக ஆடினால் ஒரு கோப்பை கிடைத்துவிடும். தாளாளர் அறையில் புதிதாகச் செய்த கண்ணாடி அலமாரி காலியாகக் கிடந்தது. "அதுல எதாச்சும் வைக்கோணுமுங்க மிஸ். அட்மிஷனுக்கு வர்றவங்க பாக்கறாங்கல்ல" என்றார் அவர். அப்படித்தான் ஆரம்பித்தேன்.

பள்ளி சூலூரைத் தாண்டி விசைத்தறிக் கொட்டகைகளுக்கு நடுவே இருக்கிறது. நான் அங்கே பி.டி. டீச்சர். ஜூன் மாதம் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளில் இருந்து பதினான்கு பெண்களைச் சேர்த்தேன். அதில் மூன்று பேருக்கு ஆட்டம் தெரியும். சனி, ஞாயிறுகளில் கோயமுத்தூர் போய்க் காசு கட்டிப் பயிற்சி எடுப்பவர்கள். சொந்தக் கிளவுஸ், சொந்தப் பேட், முட்டிவரை சாக்ஸ். மீதிப் பதினோரு பேரில் பாதிப்பேர் பந்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆறாம் வகுப்புக் குட்டி ஒருத்தி, பந்து வந்தால் கிளவுஸைத் தலைக்கு மேல் குடைபோலப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இன்னொருத்தி பந்தை அடித்துவிட்டு, ஓடித் தொட வேண்டிய முதல் பேஸுக்கு ஓடாமல் நேராகத் தோழியிடம் ஓடுவாள்.

தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் நடுவே முதல் இரண்டு வாரம் ஒரே முணுமுணுப்பு. "இவிகளோட ஆடுனா நாங்க கத்துக்கிட்டதும் மறந்துபோயிருமுங்க மிஸ்" என்றாள் மூவரில் ஒருத்தி. நான் ஒன்று செய்தேன். தெரிந்த மூவரையும் மூன்று குழுவுக்குத் தலைவிகளாக்கி, "உன் குழுவில் யார் பந்தை விட்டாலும் நீதான் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும்" என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரம் அவர்கள் ஓடி ஓடிக் களைத்தார்கள். அதற்குப் பிறகு ஒழுங்காகக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்கள். சிமெண்டுச் சாக்கில் மண் நிரப்பி பேஸ் செய்தோம். ஆடிக் காற்றில் உயரே போன பந்து எங்கே இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்தில் இருக்கும் விமானத் தளத்தில் இருந்து விமானம் எழும்பினால் "எனக்கு, எனக்கு" என்று கத்துவது கேட்காது, இருவர் மோதிக்கொண்டு விழுவார்கள். விழுந்து சிரிப்பார்கள். அந்த இரண்டு மாதம் நான் நல்ல டீச்சராக இருந்தேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

தெரிந்த மூவரில் ஒருத்தி எட்டாம் வகுப்பு. தென்னந்தோப்பும் மில்லும் உள்ள குடும்பம். பந்து வீசுபவளுக்கு எதிரே, மட்டை பிடிப்பவளுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிற கேட்சர் வேலை அவளுடையது. அவள் குழுவில் இருந்த ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கட்டாயக் கல்விச் சட்டத்தில் இலவச இடம் கிடைத்துச் சேர்ந்தவள். வீடு காலனியில். அம்மா பஞ்சு மில்லில் ஷிப்டு வேலை. அந்தப் பெண் கிளவுஸ் இல்லாமலேயே பந்தைப் பிடிப்பாள். பிடித்த பிறகும் கண்ணைச் சிமிட்ட மாட்டாள்.

அவளைக் கண்டுபிடித்தது நான் இல்லை, எட்டாம் வகுப்புக்காரிதான். ஒரு நாள் என்னிடம் வந்து, "மிஸ், இவளக் கேட்சர் போடுங்க. என்னைய விட இவ நல்லாப் புடிக்கறா. நான் தேர்டு பேஸ் நின்னுக்கறேன்" என்றாள். பதின்மூன்று வயதில் அதைச் சொல்ல ஒரு மனசு வேண்டும். மார்பை மூடும் தன் செஸ்ட் கார்டைக் கழற்றி அவளே மாட்டிவிட்டாள். முகத்தில் பந்து படாமல் இருக்கக் கேட்சர் போடுகிற கம்பி மாஸ்க் பள்ளியில் ஒன்றுதான் இருந்தது, அதை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். வேர்வையோடு ஒருத்தி கழற்ற, அப்படியே இன்னொருத்தி மாட்டிக்கொள்வாள். மூன்று வாரம் அப்படித்தான் நடந்தது. யாருக்கும் அது ஒரு விஷயமாகத் தெரியவில்லை.

எட்டாம் வகுப்புக்காரியின் அம்மா ஒரு மாலை மகளைக் கூட்டிப்போக வந்தவர் வேலிக்கு வெளியே காரை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் காலை என்னைத் தேடி வந்தார்.

"ஏனுங்க மிஸ், நல்லா இருக்கறீங்களா? ஒண்ணு சொன்னா நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாதுங்க."

"சொல்லுங்க."

"அந்த மாஸ்க்குங்க. ஒருத்தர் மூஞ்சில போட்டத இன்னொருத்தர் போடறாங்க. அதுவும் அந்தப் புள்ள எங்கிருந்து வருதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களே. நாஞ் சொல்ல வேண்டியதில்லீங்க. நல்ல புள்ளைதானுங்க, நா ஒண்ணும் கொறை சொல்லலீங்க. இருந்தாலும் எங்க ஊட்ல பெரியவிக இருக்கறாங்க பாருங்க."

ஒரு வார்த்தை கூட மரியாதை குறையவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'ங்க' இருந்தது. அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு விளக்கவும் வேண்டியிருக்கவில்லை. தாராபுரத்துப் பக்கம் நான் பிறந்து வளர்ந்த வீட்டிலும், தோட்டத்து வேலைக்கு வருகிறவர்களுக்கு என்று மாட்டுக் கொட்டாயில் தனியாக டம்ளர் செருகி வைத்திருந்தோம். அதில் காப்பி ஊற்றிக்கொடுத்தவள் நான்.

அப்போதே "முடியாதுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "பாத்துக்கறேனுங்க" என்றேன். தாளாளரிடம் போனேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அவிக மூணு புள்ளைகளை நம்ம ஸ்கூல்ல படிக்க வெக்கறாங்க. பிரச்சனையாக்க வேண்டாமுங்க மிஸ். நீங்களே பக்குவமா முடிச்சுருங்க" என்றார்.

பக்குவமாக முடித்தேன். பழைய மாஸ்க்கை எட்டாம் வகுப்புக்காரியிடமே விட்டுவிட்டு இன்னொன்று வாங்கினோம். அதன் ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டினேன். பெண்களை வரிசையாக நிற்கவைத்து, காய்ச்சல் காலம், இனி யாரும் அடுத்தவர் முகத்தில் போட்டதைப் போடக் கூடாது, சுத்தம் முக்கியம் என்று பேசினேன். பிறகு ஏழாம் வகுப்புக்காரியைக் கூப்பிட்டுச் சிவப்பு டேப் ஒட்டியதை நீட்டினேன்.

"இது உனக்கே உனக்குக் கண்ணு. வேற யாரும் தொட மாட்டாங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. அவள் முகம் மலர்ந்துவிட்டது. தன் ஆட்டத்துக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்துக்கொண்டாள். "ஊட்டுக்குக் கொண்டுபோய் அம்மாகிட்டக் காட்டட்டுங்களா மிஸ்?" என்று கேட்டாள். "காட்டு" என்றேன். மாலை பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனாள் என்று மற்றவர்கள் சொல்லிச் சிரித்தார்கள். நான் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டதாக எனக்கு அன்று ஒரு திருப்தி இருந்தது. யார் மனதும் நோகவில்லை என்று என் கணவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

போட்டி கோயமுத்தூரில் ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்தது. நாங்கள் இறுதி ஆட்டம் வரை போனோம். பந்தைப் பார்த்து உட்காருகிற ஆறாம் வகுப்புக் குட்டி அரையிறுதியில் ஒரு கேட்ச் பிடித்தாள். ஏழாம் வகுப்புக்காரி கேட்சர் இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பந்து அடிபடாதபோதே எதிரணிப் பெண்கள் இரண்டாவது பேஸுக்குத் திருட்டு ஓட்டம் ஓடினால் உட்கார்ந்த இடத்தில் இருந்தே எறிந்து அவுட்டாக்கினாள். நடுவராக இருந்த அம்மாள் என்னிடம் வந்து, "இந்தப் பொண்ணை விட்றாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இறுதி ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸ். நாங்கள் ஒரு ரன் முன்னால். மட்டையில் உரசிய பந்து அவள் மாஸ்க்கில் அடித்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாஸ்க்கின் வார் மாட்டுகிற கொக்கி உடைந்து தொங்கியது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். மாஸ்க் இல்லாமல் கேட்சர் நிற்க முடியாது.

"வேற இருக்குதா?" என்று கேட்டார்.

தேர்டு பேஸில் இருந்த எட்டாம் வகுப்புக்காரி அதற்குள் பெஞ்சுக்கு ஓடி, தன் பையில் இருந்த மாஸ்க்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "இந்தாடி, சீக்கிரம் போடு" என்று நீட்டினாள். இவளும் கை நீட்டினாள்.

நான் பெற்றோர் உட்கார்ந்திருந்த பந்தல் பக்கம் பார்த்தேன். எட்டாம் வகுப்புக்காரியின் அம்மா நாற்காலியில் இருந்து எழுந்து நின்றிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, கையைக்கூட அசைக்கவில்லை. எழுந்து நின்றார், அவ்வளவுதான்.

"வேண்டாம்" என்று நான் கத்தினேன். "அது உன்னோடது. நீயே போட்டுட்டுக் கேட்சர் உக்காரு. அவ தேர்டு பேஸுக்குப் போகட்டும்."

எட்டாம் வகுப்புக்காரிக்குப் புரியவில்லை. "அவதானுங்க மிஸ் நல்லாப் புடிக்கறா."

"சொன்னதச் செய்."

ஏழாம் வகுப்புக்காரி நீட்டிய கையை இன்னும் கீழே போடவில்லை. "முன்னாடி நானும் இதத்தானுங்க மிஸ் போட்டிருந்தேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை, எனக்கு நினைவில்லையோ என்று எடுத்துச் சொல்வது போல இருந்தது. நான் மறுபடியும் பந்தலைப் பார்த்தேன். அவளும் நான் பார்த்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கை மெல்லக் கீழே இறங்கியது. செஸ்ட் கார்டைக் கழற்றித் தோழியிடம் கொடுக்காமல் தரையில் வைத்தாள். தேர்டு பேஸுக்கு நடந்து போனாள்.

ஆட்டம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. கடைசிப் பந்து அவளிடம்தான் உருண்டு வந்தது. குனிந்து எடுத்து, முதல் பேஸுக்கு நேராக எறிந்தாள். அவுட். ஜெயித்துவிட்டோம். மற்றவர்கள் கட்டிப்பிடித்துக் குதித்தபோது அவள் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். வெகு நேரம் கழுவினாள்.

எட்டாம் வகுப்புக்காரியின் அம்மா எல்லாருக்கும் மைசூர்பா கொண்டு வந்திருந்தார். இவளிடமும் வந்து, "நல்லா வெளையாடுன கண்ணு" என்று உண்மையான சந்தோஷத்தோடு சொன்னார். அவள் உள்ளங்கையில் படாமல், ஒரு சாண் உயரத்தில் இருந்து துண்டைப் போட்டார். அவள் அதையும் தவறவிடாமல் பிடித்தாள்.

திரும்பி வரும் வேனில் எட்டாம் வகுப்புக்காரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நான் குடுத்தா என்னங்க மிஸ் தப்பு?" என்றாள். "ரூல்ஸ் அப்படி" என்று பொய் சொன்னேன். "சரிங்க மிஸ்" என்றாள். அதற்கப்புறம் தன் கிளவுஸையோ பேட்டையோ அவள் யாருக்கும் கொடுத்து நான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை ஏழாம் வகுப்புக்காரி என் மேசைமேல் சிவப்பு டேப் ஒட்டிய மாஸ்க்கைக் கொண்டுவந்து வைத்தாள்.

"கொக்கிய மட்டும் மாத்திருங்க மிஸ். சோப்புப் போட்டு ரெண்டு தடவ கழுவிட்டேனுங்க. ஆரு வேணும்னாலும் போட்டுக்கலாம்."

அப்போதாவது அவள் கையைப் பிடித்திருக்கலாம். ஸ்டாஃப் ரூமில் மற்ற டீச்சர்கள் இருந்தார்கள். "சரி, வெச்சுட்டுப் போ" என்றேன்.

அவள் பயிற்சிக்கு வருவதை நிறுத்தினாள். பெற்றோர் கூட்டத்துக்கு அவள் அம்மா வந்தபோது தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். மில்லில் இருந்து நேராக வந்திருந்தார், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"நல்லா ஆடற புள்ளைங்க. நீங்க கொஞ்சம் சொல்லி அனுப்புங்க" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மாஸ்க்கு உனக்கே உனக்குன்னு குடுத்தீங்கன்னு ஊட்டுக்கு எடுத்துட்டு வந்தாளுங்க மிஸ். பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க. தனியா ஒண்ணு எதுக்குக் குடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா? அவ அத்தனை சந்தோசமா இருந்தா. நான் வாயத் தொறக்கலீங்க. எத்தன நாளைக்கி அந்தச் சந்தோசம் இருக்குதோ இருக்கட்டும்னு உட்டுட்டேன்."

அவர் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "போயிட்டு வாரேனுங்க" என்று கிளம்பிவிட்டார்.

அடுத்த வருடம் முழுவதும், எட்டாம் வகுப்பு முடிகிறவரை, விளையாட்டுப் பீரியடில் அவளுக்குத் தலைவலியோ வயிற்றுவலியோ இருந்தது. நானும் கட்டாயப்படுத்தவில்லை. அணி மட்டும் வளர்ந்தது. அலமாரியில் இப்போது மூன்று கோப்பைகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஜூனிலும் பெற்றோருக்குப் போகும் சுற்றறிக்கையில், சுகாதாரத்தை முன்னிட்டு ஒவ்வொரு மாணவியும் தனக்கென்று தனி உபகரணம் கொண்டுவர வேண்டும் என்று ஒரு வரி உண்டு. எழுதியவள் நான். நல்ல யோசனை என்று தாளாளர் பாராட்டினார். வாங்க முடியாத பெண்கள் இப்போது பெயர் கொடுப்பதே இல்லை.

போன மாதம் சூலூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். அரசுப் பள்ளியில் பத்தாவது படிக்கிறாள். வளர்ந்துவிட்டாள். அவளே முதலில், "வணக்கமுங்க மிஸ்" என்றாள்.

"அங்க ஏதாச்சும் விளையாடறயா கண்ணு?"

"இல்லீங்க மிஸ்."

எத்தனையோ நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டதை அன்று சொல்லிவிட்டேன். "அன்னிக்கு நான் செஞ்சது தப்பு. உன்னைய நிறுத்தியிருக்கக் கூடாது. அந்த மாஸ்க்கையும் அப்படிக் குடுத்திருக்கக் கூடாது."

கூட்டத்தில் காலை மிதித்துவிட்டவர் மன்னிப்புக் கேட்டால் சொல்வது போல, "பரவாலீங்க மிஸ்" என்றாள். அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. இன்னும் ஏதாவது சொல்வாள், திட்டவாவது செய்வாள் என்று நான் நின்றேன். அவள் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் வந்தது. "வாரேனுங்க மிஸ்" என்று சொல்லி ஏறினாள். நானும் அந்த பஸ்ஸில்தான் போக வேண்டும். ஏறாமல் நின்று, அடுத்ததில் போனேன்.