காலிக் கிளையின் முன்னால் ஞானப்பூ அக்கா

அந்தச் சனிக்கிழமை காலை எழுந்ததும் முதலில் ஜன்னலைத் திறந்து, ஈர விரலை வெளியே நீட்டிக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தேன். வடக்கிலிருந்து வந்தது. கடல் தாண்டும் பறவைகள் அந்தக் காற்றோடுதான் வரும். தண்ணீர்மலைத் தோட்டத்துக்குப் பறவை பார்க்கப் போகலாம் என்று ஞானப்பூ அக்காவுக்குச் சொல்லி அனுப்ப நினைத்தேன். அதற்குள் வாசலில் ரிக்ஷா வந்து நின்றது. இறங்கியவர் அவருடைய நாத்தனார்.

"டீச்சர், அண்ணி தவறிட்டாங்க. விடியக்காலம் நெஞ்ச வலிக்குதுன்னாங்க. டாக்டர் வர்றதுக்குள்ள..."

நான் ஈர விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தேன். வெகுநேரம் துடைத்திருக்க வேண்டும். அவர்தான் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

பினாங்கில் அவரை அறியாத தமிழ்க் குடும்பம் குறைவு. கணவர் போன பிறகு சூலியா தெருப் புகைப்படக் கடையை அவர் தனியாகவே நடத்தினார். ஆண்கள் முன்னால் உட்காரக் கூசிய பெண்களெல்லாம் அவரிடம் வந்தார்கள். "மஞ்சளக் கழுவிட்டு வாங்கம்மா, இல்லன்னா முகம் கறுப்பா விழும்" என்று அவர் கொல்லைக் குழாய்க்கு அனுப்பியவர்கள் இதைப் படிக்கும் உங்களில் எத்தனை பேர்! அவர் படம் பிடித்த கண்ணாடித் தகடுகளுக்கு மஞ்சள் நிறம் ஆகாது.

நானும் அப்படி முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தவள்தான். நாகப்பட்டினத்தில் இருக்கும் என் அண்ணன் படம் கேட்டு எழுதியிருந்தார். "அசையாதீங்க" என்ற அக்கா, கேமராவின் ரப்பர் குமிழை அமுக்கிய கையோடு ஜன்னலைப் பார்த்துத் திரும்பினார். பின்கட்டு மரத்தில் ஒரு பறவையின் சிறு குரல்.

"வந்துட்டாங்க டீச்சர்! கட்டவிரல் அளவுதான் இருக்காங்க, எங்கேருந்தோ கடல் தாண்டி வந்துட்டாங்க."

கறுத்த முதுகு, வெண்புருவம், மஞ்சள் வயிறு. அதன் பெயரை அவரிடம் கேட்டேன். "பேரு எதுக்கு? எங்கிட்ட வர்றவங்க பாதிப் பேரோட பேரே எனக்குத் தெரியாது. முகம் தெரியும்" என்றார். அந்தப் படத்தில் நான் பக்கவாட்டில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். 'யாரைப் பார்த்துச் சிரிக்கிறாய்?' என்று அண்ணன் எழுதிக் கேட்டார்.

அன்றிலிருந்து பத்து வருடம், ஐப்பசியும் கார்த்திகையும் விடுமுறை நாளெல்லாம் எங்களுக்குத் தண்ணீர்மலையில்தான் கழிந்தது. தகட்டைச் செருகிவிட்டால் கேமராவுக்குள் எதையும் பார்க்க முடியாது. அதனால் முதலில் ஒரு கிளையைத் தேர்ந்து, அதற்குத் தெளிவு பிடித்து வைத்துக்கொண்டு, பறவை அங்கே வந்து உட்காரும்வரை காத்திருக்க வேண்டும். அது எப்போதும் அடுத்த கிளையில்தான் உட்காரும். ஒருமுறை குரங்கு வந்து உட்கார்ந்தது. அது மட்டும் படத்தில் அழகாக விழுந்தது. அக்கா அதைக் கடையில் மாட்டி, யாரென்று கேட்டவர்களிடம், "எங்க பெரிய மாமனார் லா" என்றார். மஞ்சள் வயிற்றுப் பறவை எட்டாத கிளையில் நிற்கும்போது, "கிட்ட வந்தாலும் இவரு கறுப்பாத்தான் விழுவாரு. கழுவிட்டு வாங்கன்னு சொல்லவா முடியும்?" என்று பெருமூச்சு விடுவார்.

வீணான தகடுகளை வெந்நீரில் ஊறவைத்து, மேல்தோலை உரித்து, படச்சட்டங்களுக்குக் கண்ணாடியாகப் போட்டுவிடுவார். இதை நீங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். உங்கள் கூடத்தில் தொங்கும் திருமணப் படத்தின் கண்ணாடியில் ஒரு காலத்தில் தண்ணீர்மலையின் காலிக் கிளை ஒன்று இருந்திருக்கலாம்.

சென்ற வருடம் அண்ணன் கண்டிப்பாக எழுதினார். வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடு, தைக் கப்பலுக்குச் சீட்டு எடுக்கிறேன் என்று. தோட்டத்தில் வைத்து அக்காவிடம் சொன்னேன். "அப்படியா" என்று குனிந்து முக்காலியின் காலைச் சரிசெய்யத் தொடங்கினார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

அப்போது பறவை வந்தது. எங்கள் கிளையிலேயே உட்கார்ந்தது.

"அமுக்குங்க டீச்சர்!"

ரப்பர் குமிழை அமுக்கினேன். அது பறந்த பிறகுதான் பார்த்தேன். தகட்டின்மேல் வெளிச்சம் படாமல் காக்கும் மூடியை நான் உருவவே இல்லை. அது என் வேலை. அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பத்து வருசம் காத்துக் கெடந்து, மூடியோட ஒரு படம்!"

"மன்னிச்சிருங்க அக்கா."

"விடுங்க லா. அடுத்த வருசம் வரும்."

சொன்ன பிறகுதான் தையில் நான் போய்விடுவேன் என்பது இருவருக்கும் உறைத்தது. கறுப்புத் துணியை மடித்துக்கொண்டே அவர்தான் மறுபடி சொன்னார்: "நீங்க இல்லன்னாலும் வரும். குமிழ அமுக்கத்தான் ஆள் தேடணும்."

இருங்கள் என்று அவர் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் விட மறுக்கிறார்கள் என்று அண்ணனுக்குப் பொய் எழுதினேன். அக்காவிடமும் அதையே சொன்னேன். "நல்ல ஸ்கூலு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அவர் மறைவை எழுதியதற்கு அண்ணனின் பதில் போன மாதம் வந்தது. 'இனி அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள்? தையில் வந்துவிடு.' நியாயமான கேள்விதான். மூன்று ஞாயிறாகத் தனியே தண்ணீர்மலைக்குப் போய் அதையே யோசித்தேன். அந்தப் பறவையின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. ஆனால் காலியான கிளையைப் பார்த்துக்கொண்டு, யாரும் வரமாட்டார்கள் என்று எண்ணாமல் ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்திருக்க முடிகிறது. அவரிடமிருந்து எனக்கு வந்தது அதுதான்.

நான் கப்பல் ஏறப்போவதில்லை. அண்ணனுக்கு இன்னும் எழுதவில்லை, பள்ளியின் பேரில் பொய் சொன்னதைத் தலைமையாசிரியையிடமும் சொல்லவில்லை. எழுதும்போது இந்த முறை பள்ளிக்கூடத்தின்மேல் பழி போடமாட்டேன். இங்கே இருக்க ஆசைப்படுகிறேன் என்றே எழுதுவேன்.