ஞாயிற்றுக்கிழமைச் சீருடை

பிள்ளைகளா, பிரான்ஸ் அத்தை சின்ன வயதில் இங்கே பள்ளிக்கூடம் போனாளாமே, ஏன் பாதியில் நின்றாள் என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் உப்பளம் பகுதியில் குடியிருந்தோம். எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு எட்டு. பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய என் சித்தப்பா, மகளை மட்டும் கூட்டிவந்து, “தமிழ் கத்துக்கட்டும்” என்று எங்கள் வீட்டில் விட்டுப் போனார். எனக்கு அன்றைக்கே சந்தேகம். அவள் நன்றாகத்தான் தமிழ் பேசினாள். சித்தியைப் பற்றி நான் கேட்டால் அம்மா பேச்சை மாற்றினாள். துணிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து அலமாரியில் வைக்கச் சொன்னால் அவள், “அப்புறம் பெரியம்மா” என்பாள்.

அப்பா யாரையோ பிடித்து என் பள்ளியிலேயே அவளைச் சேர்த்துவிட்டார். இரண்டு மாதம் போனது. ஒரு சனிக்கிழமை கலங்கிப்போய் வந்தார். யாரோ சொல்லிவிட்டார்களாம், போலீசிலிருந்து விசாரிக்க வருகிறார்களாம். அம்மா எதிர்வீட்டைச் சந்தேகப்பட்டாள். நான் தெருவையே சந்தேகப்பட்டேன்.

“பாப்பா வந்தது ஊர் சுத்திப் பாக்குற விசா. அதுல பள்ளிக்கூடம் போவக் கூடாது. படிக்கிறதுக்குத் தனி விசா, அங்கியே வாங்கிட்டு வரணும். தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுவாங்க” என்றார் அப்பா.

“கண்டிப்பா அனுப்பிடுவாங்களா பெரியப்பா?” என்றாள் அவள்.

“பயப்படாதம்மா. லீவுக்கு வந்திருக்கேன்னு சொல்லு, போதும்.”

“ஆனா தெரிஞ்சா அனுப்பிடுவாங்க, இல்ல?”

ஒரே கேள்வியை எதற்கு இரண்டு தரம் கேட்கிறாள்? அதையும் சந்தேகத்தில் சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் வாசலில் எனக்குக் காவல் வேலை. பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே நம் ஊர்ப் போலீசுக்குச் சிவப்புத் தொப்பி. அது தெரு முனையில் தெரிந்ததும் ஓடிவந்து சொல்ல வேண்டும். வெயில் ஏறும்வரை தொப்பி வரவில்லை. கட்டம் போட்ட சட்டையில் ஒருவர் மொபெட்டில் வந்து, “தம்பி, அப்பா இருக்காரா?” என்றார். நானே கதவைத் திறந்துவிட்டேன். விசாரிக்க வந்தவர் அவர்தான்.

“புள்ள லீவுக்கு வந்திருக்கு சார்” என்று அப்பா சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் உள்ளேயிருந்து வந்தாள். சீருடை, டை, ஷூ, முதுகில் பை.

வந்தவர் அவளைப் பார்த்தார். “ஞாயித்துக்கிழமை எந்தப் பள்ளிக்கூடம் பாப்பா?”

அவள் பள்ளியின் பெயரையும் வகுப்பையும் நிதானமாகச் சொன்னாள்.

அப்பா தலை குனிந்தார். வந்தவர் அம்மா கொடுத்த டீயைக் குடித்து முடித்து, “நான் மேல பெருசா எழுதல சார். சீக்கிரம் அனுப்பி வெச்சிடுங்க” என்று எழுந்தார்.

“நல்லாக் காத்தடா காவலு” என்று அம்மா என்னைத்தான் திட்டினாள். பிரான்சில் ஞாயிற்றுக்கிழமையும் பள்ளிக்கூடம் உண்டு போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பாவும் சித்தியும் பிரிந்துவிட்டார்கள் என்பதும், சித்தியிடமிருந்து தள்ளிவைக்கத்தான் அவளை இங்கே விட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியவந்தபோது மீசை முளைத்துவிட்டது.

அவளை ஏற்றிக்கொண்டு கார் சென்னைக்குக் கிளம்பிய அன்று மாலை, யாரிடமும் சொல்லாமல் பழைய துறைமுகப் பக்கம் போனேன். ஆளில்லாத இடமாகப் பார்த்து நின்று, கிழக்கே கடலை நோக்கி வெகுநேரம் கையசைத்தேன். பிரான்ஸ் எனக்குப் பின்னால் இருந்தது.