டைரியின் முன்பக்கத்தில் நாலு மணி நேரம்

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் எனக்குப் புரூஃப் பார்க்கும் வேலை. டைரி சீசன் வந்தால் முன்பக்க அட்டவணைகளெல்லாம் என் மேசைக்குத்தான் வரும். ராகு காலம், ரத்த வகை, அதற்கடுத்து ஊருக்கு ஊர் விமான தூரமும் நேரமும். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆனாலும் சென்னை–துபாய் நாலு மணி நேரம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

அண்ணனுக்குத் துபாயில் கட்டட வேலை கிடைத்தபோது அம்மா விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நான்தான் பெரிய மேதாவி மாதிரி அந்தப் பாழாய்ப்போன பக்கத்தை அவள் முன்னால் விரித்தேன். எங்கள் ஊர் நாரணாபுரத்திலிருந்து மெட்ராசுக்குப் போக ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார வேண்டும், அங்கிருந்து துபாய் வெறும் நாலு மணி நேரம் என்றேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அச்சில் வந்தால் பொய் இருக்காது என்று நம்புகிறவள், அதிலும் மகள் திருத்திய அச்சு. சரி, போகட்டும் என்றாள். பிறகு தீப்பெட்டி ஆபீசில் கூட வேலை பார்த்தவர்களிடமெல்லாம், மகன் மெட்ராசை விடப் பக்கத்தில்தான் இருக்கிறான் என்று பெருமையடித்தாள்.

மூன்றாம் வருடம் அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. மதுரை ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்து படுத்த வியாழக்கிழமை காலையிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏத்தா, அண்ணனுக்குப் போனப் போடு. நாலு மணி நேரம், பெறகு ராத்திரி பஸ்ஸு. விடியவும் வந்துருவான்ல."

போட்டேன். அண்ணன் அழுதான். பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறதாம். சாவி வைத்திருப்பவன் ஊரில் இல்லையாம், வெள்ளி லீவு முடிந்து சனிக்கிழமைதான் வருவானாம். நான் உள்ளே போய், அண்ணன் கிளம்பிவிட்டான் என்றேன். எப்படித்தான் வாய் வந்ததோ.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து அம்மா வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் தலையைத் தூக்கினாள். மத்தியானம் உயிர் போனபோதும் கண் வாசல் பக்கம் திறந்தே இருந்தது. நான்தான் மூடிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம்வரை ஐஸ் பெட்டியில் வைத்துப் பார்த்தார்கள். பிணம் கிடக்கும்வரை தெருவில் யாரும் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். பிள்ளைகளெல்லாம் பட்டினி. அதற்குமேல் யாரையும் காத்திருக்கச் சொல்ல எனக்கு வாயில்லை. சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான்.

அண்ணன் திங்கட்கிழமை காலையில்தான் வந்தான். நேரே சுடுகாட்டுக்குப் போய்விட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தான். நான் அம்மாவிடம் சொன்ன பொய் அதற்குள் அவன் காதுக்குப் போயிருந்தது.

"வரமுடியலன்னு சொல்லீருந்தா, அம்மா வாசலப் பாக்காமப் போயிருக்கும்ல?" என்றான்.

எழுந்துபோய் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

அடுத்த டைரி சீசனில் அதே பக்கம் மேசைக்கு வந்தது. சென்னை–துபாய், நாலு மணி நேரம். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். திருத்துவதற்கு அதில் ஒரு பிழைகூட இல்லை. ஓரத்தில் கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பினேன்.