எட்டுப் பேர் காதில் விழுந்த இரைச்சல்

போன வியாழக்கிழமை நான் ஒரு பொய் சொன்னேன். அதுவும் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டே!

எங்கள் மைசூர் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் அவருடைய ஜரிகைத் தலைப்பாகை முன்னால் போகும். ஏழு மாணவர்களும் உதவி டாக்டராகிய நானும் பின்னால் போவோம்.

அன்று நான்காம் கட்டிலில் முனியப்பன். கொள்ளேகால் பக்கத்துப் பையன். ரயில்வேயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் வேலை கிடைத்திருந்தது. உடம்பு நன்றாயிருக்கிறது என்று சாயங்காலத்துக்குள் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்கு.

பெரிய டாக்டர் முந்தின நாள் சீட்டைப் படித்தார். "ஹார்ட்டில இரைச்சல். வேலைக்கு லாயக்கில்லை. எல்லாரும் கேட்டுப் பாருங்கோ" என்று வார்டு ஸ்டெதஸ்கோப்பை நீட்டினார்.

"கேளிஸ்தா?" என்று, கேட்டதா என்பதைக் கன்னடத்தில் ஒவ்வொருவரிடமும் கேட்டார். "ஹௌது சார்!" என்று ஆளுக்கொரு ஆமாம் போட்டார்கள். ஒருவன் கண்ணை மூடித் தலையை வேறு ஆட்டினான்... கச்சேரியா நடக்கிறது?

என் முறை. ஒன்றும் கேட்கவில்லை. ஏழு பேருக்குக் கேட்டது எனக்கு மட்டும் கேட்காமல் போகுமா? "நன்றாகவே கேட்கிறது சார்" என்றேன். வெட்கக்கேடு!

முனியப்பன் முகம் வெளிறிவிட்டது. "ஏனுங்க டாக்டரு, நெசமாலுமே கேக்குதுங்களா?" என்றான். நான் ஸ்டெதஸ்கோப்புக் குழலைக் காதிலிருந்து கழற்றினேன்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் ஸ்டெல்லா குழலை வாங்கிக் காதில் வைத்தாள். "சார், எனக்கு இரைச்சலும் கேக்கலை, துடிப்பும் கேக்கலை. ஆனா ஆளு பேசிட்டுத்தானே இருக்காரு?"

வார்டே கொல்லென்று சிரித்தது. பெரிய டாக்டர் குழலைப் பிடுங்கி உதறினார். உள்ளேயிருந்து விழுந்தது — பஞ்சு! கழுவும்போது யாரோ விட்டது.

மனுஷர் நியாயஸ்தர். தன் சொந்த ஸ்டெதஸ்கோப்பை எடுத்து முன்னும் பின்னும் வைத்து நிதானமாகக் கேட்டார். இரைச்சலாவது ஒன்றாவது! நேரமாகிவிடுமோ என்று முந்தின நாள் ஸ்டேஷனிலிருந்து ஓடியே வந்தானாம். மூச்சு இரைக்க இரைக்க நின்றவனைச் சோதித்து எழுதிய சீட்டு அது.

பெரியவர் ஒருவர் 'இருக்கிறது' என்றால் போதும், நம் காது கைகட்டி நின்றுவிடுகிறது. படித்த காதுதான் முதலில் நிற்கிறது.

"ஃபிட்!" என்று கையெழுத்துப் போட்டார் பெரிய டாக்டர். முனியப்பன் எங்கள் எட்டுப் பேரையும் தாண்டிப் போய் ஸ்டெல்லாவைக் கும்பிட்டான். "நீங்க நல்லா இருக்கோணுமுங்க அக்கா!"

சர்டிபிகேட்டோடு ஸ்டேஷனுக்கும் ஓடியே போனான். ஓடட்டும் — இனி எவன் குழலை வைக்கப் போகிறான்!